துடைக்கத் தெரிந்த தூது: மூலக்கூறுகளால் பேசும் நுண்கருவிகள்

நெய்வேலியில் நிலக்கரி வெட்ட வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே, கடலூர் மணற்கல் அடுக்குகளில், நீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்தும் நீர் அது. அதன் அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் ஏறிவிடும். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீரோடு கரும்பொருளும் சேர்ந்து வந்தது. அதுவே இந்த ஊரின் தொடக்கம். 1956இல் நிறுவனம் உருவானது. 1957இல் சுரங்க வேலை தொடங்கியது. 1961இல் நிலக்கரியின் முகம் தெரிந்தது. அன்று முதல் இன்று வரை சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளில் பம்புகள் இரவு பகலாக ஓடுகின்றன.

இறைக்கிற ஊருக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: மேலிருந்து எவ்வளவு மழை உள்ளே இறங்குகிறது? மண்ணுக்குள் போகும் நீரைக் கண்ணால் பார்க்க முடியாது. ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் நெய்வேலி நிலத்தடி நீர்ப்படுகையில் இதை அளக்க டிரிடியம் முறையைக் கையாண்டது. டிரிடியம் என்பது கதிரியக்கம் கொண்ட ஹைட்ரஜன். அது கலந்த நீரில் சில மில்லிலிட்டரை மழைக்கு முன்பு மண்ணில் முழங்கால் முதல் இடுப்பளவு ஆழத்தில் செலுத்துவார்கள். மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் மண்ணை அடுக்கு அடுக்காக எடுத்து, டிரிடியம் எந்த ஆழத்தில் மிகுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த உச்சம் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறதோ, அதையும் மண்ணின் ஈரப்பதத்தையும் வைத்து, அந்த ஆண்டு நிலத்துக்குள் சென்ற மழையைக் கணக்கிடலாம்.

இந்த அளவீட்டைத் தகவல் தொடர்பாகப் பார்த்தால் ஒரு புதிய துறையின் வாசல் திறக்கிறது. அனுப்புகிறவர் இருக்கிறார், நடுவில் ஈரமண் இருக்கிறது, பெறுகிறவர் இருக்கிறார். சேதியைச் சுமந்து போவது கம்பியும் அலையும் அல்ல, மூலக்கூறு. சேதி மெதுவாகப் போகிறது. போகும் வழியில் பரந்து மங்குகிறது. ஆனாலும் போய்ச் சேர்கிறது. இதே மூன்று உறுப்புகளையும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சுருக்கி, நீரிலும் இரத்தத்திலும் மிதக்கும் நுண்கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள வைக்க முடியுமா என்று கேட்கிறது மூலக்கூறுத் தொடர்பியல். அந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரை. படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது: இந்தத் துறையின் கடினமான வேலை சேதியை அனுப்புவதில் இல்லை, அனுப்பிய சேதியைத் துடைப்பதில் இருக்கிறது.

வானொலி ஏன் போதாது

நெய்வேலியில் பிறக்கும் மின்சாரம் பல மாநிலங்களுக்குக் கம்பிவழி ஓடுகிறது. தூரம் அதற்குப் பொருட்டே இல்லை. கைபேசியும் அப்படித்தான். இவ்வளவு வேகமான வழி கையில் இருக்கும்போது, தட்டுத் தடுமாறி நகரும் மூலக்கூறை ஏன் நம்ப வேண்டும்?

காரணம் அளவு. ஆன்டெனா நன்றாக வேலை செய்ய, அதன் நீளம் அலைநீளத்தோடு ஒத்துப்போக வேண்டும். கருவி ஒரு செல் அளவுக்கு, அதாவது சில மைக்ரோமீட்டருக்குச் சுருங்கினால் அதன் ஆன்டெனாவுக்கு ஏற்ற அலை டெராஹெர்ட்ஸ் எனப்படும் மிக உயர்ந்த அதிர்வெண்களுக்குப் போய்விடும். உடம்பில் பெரும்பகுதி நீர். டெராஹெர்ட்ஸ் அலைகளை நீர் வேகமாக உறிஞ்சிவிடுகிறது. கிராஃபீனைக் கொண்டு இந்த எல்லையைத் தளர்த்தும் முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் அலையை உண்டாக்க ஆற்றல் வேண்டும். செல் அளவுக் கருவிக்குள் பேட்டரி வைக்க இடம் கிடையாது.

மூலக்கூறுக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. அதைத் தள்ள வேண்டியதில்லை. வெளியே விட்டால் போதும், நீரின் வெப்ப அசைவே அதை அலைக்கழித்துக் கொண்டுபோகும். விரவல் என்பது இதுதான். உடம்புக்கு அது அந்நியமும் அல்ல, ஏனென்றால் உடம்பு முழுக்கப் பேசுவது அந்த மொழியைத்தான்.

இந்தச் சிந்தனை பொறியாளர்களிடம் வந்தது 2000களின் நடுவில். தத்சுயா சூடா, தடாஷி நகானோ முதலியோர் 2005இல் நானோ இயந்திரங்களிடையே மூலக்கூறுத் தொடர்பு என்ற கருத்தை முன்வைத்தனர். ஜப்பானின் கைபேசி நிறுவனமான என்டிடி டோகோமோவின் ஆய்வாளர்களும் அந்த முயற்சியில் இருந்தனர். 2008இல் ஜார்ஜியா டெக்கின் இயன் அக்யில்டிஸ் தம் சகாக்களுடன் எழுதிய நானோவலை பற்றிய கட்டுரை, தொலைத்தொடர்புப் பொறியாளர்களைக் கூட்டமாக இந்தப் பக்கம் திருப்பியது.

இரண்டு தவளை இதயங்கள்

பொறியாளர்கள் கேட்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே உயிரியலாளர்கள் விடையின் ஒரு பாதியைக் கண்டிருந்தார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி செய்து 1921இல் வெளியிட்ட சோதனையை இந்தத் துறையின் மூதாதை என்று சொல்லலாம். உப்புநீரில் துடிக்கும் இரண்டு தவளை இதயங்களை அவர் எடுத்துக்கொண்டார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாம் இதயத்துக்குக் கொடுத்தார். எந்த நரம்பையும் தொடாமலே இரண்டாம் இதயமும் தளர்ந்தது. நரம்பின் கட்டளை திரவத்தில் கரைந்து பயணம் போயிருந்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியானது. லோவியும் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நரம்பு முனைக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். அதைக் கடப்பது கண்ணிமைப்பதற்குள் முடிந்துபோகிற வேலை. ஹார்மோன்கள் நேர்மாறானவை. கணையத்திலோ தைராய்டிலோ புறப்பட்டு, இரத்த ஓட்டத்தில் ஏறி உடம்பெங்கும் போகின்றன. தம்மைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உள்ள செல்லில் மட்டும் வேலை செய்கின்றன. அருகில் உள்ளவரிடம் பேச விரவல், தொலைவில் உள்ளவரிடம் பேச ஓட்டம் என்று உடம்பு இரண்டு தடங்களையும் பிரித்துப் பயன்படுத்துகிறது.

ஒற்றைச் செல் உயிர்களும் பேசுகின்றன. ஒளிரும் கடல் பாக்டீரியா ஒன்று தனியாக இருக்கும்போது ஒளிர்வதில்லை. கூட்டம் சேர்ந்த பிறகே ஒளிர்கிறது. கென்னத் நீல்சன், டெர்ரி பிளாட், வுட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் ஆகிய மூவரும் 1970இல் இதன் காரணத்தை விளக்கினார்கள். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சிறு மூலக்கூறை இடைவிடாமல் வெளியிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக நீரில் அதன் செறிவு ஏறுகிறது. ஒரு வரம்பைத் தாண்டியதும் எல்லாம் ஒன்றாக விளக்கேற்றுகின்றன. ஹவாய்க் கடலின் ஒரு சிறு கணவாய் இந்தப் பாக்டீரியாவைத் தன் உடலில் வளர்த்து, நிலவொளியில் தன் நிழல் கீழே விழாமல் மறைத்துக்கொள்கிறது. பிரின்ஸ்டனின் போனி பாஸ்லர், வெவ்வேறு இன பாக்டீரியாக்களுக்கும் பொதுவான சமிக்ஞை மூலக்கூறு உண்டு என்று காட்டினார். தலையை எண்ணிக் கூட்டாக முடிவெடுக்கும் இந்த முறை, எளிய கருவிகள் ஏராளமாகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இடத்தில் பொறியாளர்களுக்கு நேரடிப் பாடமாகிறது.

நம் பக்கத்துச் சான்று பண்ருட்டிச் சந்தையில் இருக்கிறது. பழுத்துக்கொண்டிருக்கும் பலா எத்திலீன் வாயுவை விடுகிறது. அது அருகில் கிடக்கும் காயையும் பழுக்க வைக்கிறது. வாழைத்தாரைக் கோணியில் மூடிவைத்துப் பழுக்க வைப்பவர்கள் செய்வதும் அந்தச் சேதி கலைந்துபோகாமல் காப்பதுதான்.

நடையும் தூரமும்

இயற்கை செய்துகாட்டியதை எண்ணால் அளந்தால்தான் பொறியியல் பிறக்கும். விரவலின் விதியை அடால்ஃப் ஃபிக் 1855இல் எழுதினார். ஒவ்வொரு துகளின் தள்ளாட்ட நடையிலிருந்து அந்த விதி எப்படி எழுகிறது என்பதை ஐன்ஸ்டைன் 1905இல் காட்டினார். அதன் சாரம் இது: தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும், தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும்.

சர்க்கரையை விடச் சிறிய மூலக்கூறு ஒன்றை நீரில் விடுவதாகக் கொள்வோம். 1 மைக்ரோமீட்டர் போக அதற்கு அரை மில்லிவிநாடி போதும். 10 மைக்ரோமீட்டருக்கு, அதாவது ஒரு செல்லின் அகலத்துக்கு, 50 மில்லிவிநாடி. 1 மில்லிமீட்டருக்கு எட்டு நிமிடத்துக்கு மேல். 1 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். அசையாத நீரில் 1 மீட்டர் போக வேண்டுமானால் 15 ஆண்டுக்கு மேல். செல்லுக்குச் செல் பேச விரவல் சரியான வாகனம். தலையிலிருந்து காலுக்குப் பேச அது உதவாது. அதனால்தான் உடம்பு இதயத்தைக் கட்டியது என்று சொன்னாலும் மிகையில்லை.

இந்தக் கணக்கின் அடித்தளத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒருவரின் கையும் இருக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943இல் எழுதிய நீண்ட ஆய்வுரை, தள்ளாட்ட நடையின் கணிதத்தை ஒழுங்காகத் தொகுத்துத் தந்தது. விண்மீன்களின் இயக்கத்துக்காக அவர் வகுத்த பாதையில்தான் பெறும் கருவியை மூலக்கூறு எப்போது முதன்முதலாகத் தொடும் என்ற கேள்வியும் நடக்கிறது. மெல்லிய ஓட்டமுள்ள திரவத்தில் அந்த நேரம் தலைகீழ் காஸியன் என்ற பரவலைப் பின்பற்றுகிறது. கே. வி. ஸ்ரீனிவாஸ், ஆண்ட்ரூ எக்ஃபோர்ட், ரவிராஜ் ஆட்வே ஆகியோர் 2012இல் இதையே அடிப்படையாக வைத்து, திரவத்தில் மூலக்கூறு வழியாக எவ்வளவு தகவல் அனுப்ப இயலும் என்ற எல்லைகளை வரைந்தனர். தொலைபேசிக் கம்பிக்காக கிளாட் ஷனன் 1948இல் வகுத்த தகவல் கோட்பாடு இவ்வாறு நீருக்குள் இறங்கியது.

ஓட்டம் சேர்ந்தால் நிலைமை மாறுகிறது, ஆனால் முற்றிலும் எளிதாகிவிடுவதில்லை. குழாயின் நடுவில் நீர் வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் ஓடும். ஒன்றாக விட்ட மூலக்கூறுகளில் நடுவில் இருப்பவை முந்தும், ஓரத்தில் இருப்பவை பின்தங்கும். 1953இல் ஜெஃப்ரி டெய்லர் இந்தப் பரவலைக் கணக்கிட்டார். இரத்தக் குழாயில் விடும் எந்தச் சேதிக்கும் இந்தப் பரவல் தப்பாது.

சேதியை எழுதும் விதங்கள்

மூலக்கூறில் எப்படி எழுதுவது? மூன்று அடிப்படை வழிகள் பேசப்படுகின்றன. முதலாவது எண்ணிக்கை: நிறைய விட்டால் 1, விடாமல் இருந்தால் 0. இரண்டாவது வகை: ஒரு வகை மூலக்கூறை விட்டால் 1, வேறு வகையை விட்டால் 0. மூன்றாவது நேரம்: எப்போது விட்டோம் என்பதே சேதி. எண்ணிக்கை முறைக்கு எளிய கருவி போதும், ஆனால் முந்தைய சேதியின் மிச்சம் அதைக் குழப்பும். வகை முறை தெளிவாக இருக்கும், ஆனால் கருவி இரண்டு பொருளையும் செய்யவும் அடையாளம் காணவும் வேண்டும். நேர முறையில் மூலக்கூறு குறைவாகச் செலவாகும், ஆனால் இரு கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும்.

எழுதியதைப் படிப்பதற்கும் இயற்கை ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஹோவர்ட் பெர்க்கும் எட்வர்ட் பர்செலும் 1977இல் ஒரு பாக்டீரியா தன்னைச் சுற்றியுள்ள வேதிப்பொருளின் செறிவை எவ்வளவு துல்லியமாக அறிய முடியும் என்று கணக்கிட்டார்கள். செல்லின் பரப்பு முழுவதும் ஏற்பிகளால் நிறைந்திருக்கத் தேவையில்லை என்றும், பரப்பில் சிறு பகுதியை மட்டும் மூடும் ஏற்பிகளே ஏறக்குறைய முழு அளவுக்கு மூலக்கூறுகளைப் பிடித்துவிடும் என்றும் கண்டார்கள். ஒருமுறை தட்டிப் போன மூலக்கூறு அங்கேயே தள்ளாடித் திரும்பத் திரும்பத் தட்டுவதுதான் காரணம். நம்மை மெதுவாக்கும் அதே தள்ளாட்டம் பெறுகிறவருக்குத் துணையும் செய்கிறது. ஒரே பரப்பில் பல வகை ஏற்பிகளுக்கு இடம் இருப்பதால், ஒரு செல் பல குரல்களை ஒரே நேரத்தில் கேட்கலாம்.

போகாத மிச்சம்

இங்கேதான் இத்துறையின் முள் இருக்கிறது. மின்விளக்கை அணைத்தால் ஒளி அந்தக் கணமே போய்விடும். மூலக்கூறு போகாது. முதல் சேதிக்காக விட்ட மூலக்கூறுகளில் சில, இரண்டாம் சேதி புறப்பட்ட பிறகும் வழியில் தள்ளாடிக்கொண்டிருக்கும். இரண்டாவது 0 என்று அனுப்பினாலும் முன்னதின் மிச்சம் வந்து ஏற்பியைத் தட்டும். பெறுகிறவர் 1 என்று படித்துவிடுவார். பேசப் பேச மிச்சம் குவியும். கடைசியில் எல்லாச் சொல்லும் ஒரே இரைச்சலாகும். மெதுவாகப் பேசினால் மிச்சம் கலைய நேரம் கிடைக்கும், ஆனால் வேகம் போய்விடும். ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி இந்த ஒரு முடிச்சைச் சுற்றியே இருக்கிறது.

உடம்பு இதை எப்படித் தீர்க்கிறது என்று பார்த்தால் வியப்பு வரும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் அசிட்டைல்கோலினை விடுவதற்கான ஏற்பாடு இருப்பது போலவே, அதை அழிப்பதற்கான நொதியும் அங்கேயே காத்திருக்கிறது. அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற அந்த நொதியின் ஒரு மூலக்கூறு ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைக்கிறது. சேதி வந்து, படிக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, பலகை அடுத்த சேதிக்கு வெறுமையாக வேண்டும். இதெல்லாம் சில மில்லிவிநாடிக்குள் முடிகிறது.

அந்தத் துடைப்பான் நின்றால் என்ன ஆகும் என்பதை நம் கடலூர் மாவட்டத்து விவசாயக் குடும்பங்கள் அறியும். முந்திரிக்கும் நெல்லுக்கும் அடிக்கும் மருந்துகளில் பல, ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை. அவை பூச்சியைக் கொல்வது இந்த நொதியை முடக்கித்தான். முகத்தை மூடாமல், காற்றுக்கு எதிரே நின்று மருந்தடிக்கிற தொழிலாளியின் உடம்பிலும் அதே நொதி முடங்குகிறது. கண்பாவை சுருங்கும்; எச்சிலும் வியர்வையும் பெருகும்; தசை துடிக்கும்; மூச்சு அடைக்கும். அவருடைய நரம்புகள் சேதி அனுப்பத் தவறவில்லை. அனுப்பிய சேதி அழியவில்லை, அவ்வளவுதான். மருத்துவமனையில் அட்ரோபின் கொடுப்பது, துடைக்க முடியாத சேதியைக் காதில் விழாமல் தடுப்பதற்கு. அது ஏற்பியை மூடிவிடுகிறது. மறதி இல்லாத தொடர்பு தொடர்பே அல்ல என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

பொறியாளர்கள் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆடம் நோயல், கேரன் சியுங், ராபர்ட் ஷோபர் ஆகியோர் 2014இல், அனுப்புகிற இடத்துக்கும் பெறுகிற இடத்துக்கும் நடுவே நொதிகளைப் பரப்பினால் மிச்சம் குறைந்து பிழை தாழும் என்று கணித்துக் காட்டினர். நொதி சேதியில் ஒரு பகுதியையும் தின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் பழைய மூலக்கூறே அதிக நேரம் நீரில் இருந்திருப்பதால், அது அழியும் வாய்ப்பே அதிகம். புதியது பிழைத்துக்கொள்கிறது.

மேசை மேல் நடந்தவை

கணிதம் இத்தனை தூரம் ஓடியிருக்க, செய்துகாட்டியவை எத்தனை? எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றைக் கற்றுத் தருகிறது.

2013இல் நரிமன் ஃபர்சாத், வெய்சி குவோ, ஆண்ட்ரூ எக்ஃபோர்ட் ஆகியோர், டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் வாரிக்கும் சேர்ந்து நடத்திய சோதனையில், ஆல்கஹால் தெளிப்பானையும் மின்விசிறியையும் வைத்து ஓர் அறையின் காற்றில் எழுத்துச் செய்தி அனுப்பினார்கள். ஒவ்வொரு எழுத்தும் 0, 1 என்ற ஐந்து பிட்டாக மாறி, ஆவியாகக் கிளம்பி, சில மீட்டர் தள்ளியிருந்த மலிவான ஆல்கஹால் உணரியில் போய்ச் சேர்ந்தது. அனுப்பிய சொல், கனடா நாட்டுப் பாடலின் தொடக்கம். ஒரு பிட்டுக்குச் சில விநாடிகள் பிடித்தன. அதைவிட முக்கியமானது வேறொன்று: உண்மைக் கருவியின் நடத்தை எளிய சமன்பாடுகளோடு ஒத்துப்போகவில்லை. தெளிப்பானும் உணரியும் காற்றின் சுழலும் சேர்ந்து காகிதத்தில் இல்லாத வளைவுகளைக் காட்டின. சோதனை கோட்பாட்டைத் திருத்தியது.

அடுத்து ஃபர்சாத் ஸ்டான்ஃபோர்டில் ஆண்ட்ரியா கோல்ட்ஸ்மித்துடன் சேர்ந்து காற்றை விட்டு நீருக்கு வந்தார். குழாய்த் திரவத்தில் அமிலம் ஒரு குறி, காரம் மறு குறி. வினிகரும் கண்ணாடி துடைக்கும் திரவமும் போல வீட்டில் கிடைப்பவற்றையே அவர்கள் பயன்படுத்தினார்கள். அமிலத்தின் மிச்சத்தைக் காரம் நடுநிலையாக்கிவிடும். அடுத்த சேதியே முந்தைய சேதியைத் துடைக்கும். நரம்பில் நொதி செய்கிற வேலையை இங்கே மறு எழுத்தே செய்கிறது. இத்துறையின் எளிய, அழகிய யோசனைகளில் ஒன்று இது. பெறும் முனையில் சமன்பாட்டை நம்பாமல், நரம்புவலை வகைக் கணினி நிரலுக்குப் பயிற்சி கொடுத்துப் படிக்க வைத்தார்கள்.

ஜெர்மனியின் எர்லாங்கனில் 2018இல் மற்றொரு குழு, காந்தப் பண்புள்ள இரும்பு ஆக்சைடு நானோதுகள்களை ஓடும் நீரில் செலுத்தி, குழாய்க்கு வெளியே இருந்தே அவற்றைக் காந்த உணரியால் படித்தது. நீரைத் தொடாமல் படிக்க முடிவதால் இது மருத்துவத்துக்கு அருகில் வருகிறது. அதே வட்டத்தினர் ஒளிபட்டால் புரோட்டானை வெளியேற்றும் பாக்டீரியாக்களைக் கொண்டு, ஒளிச் சேதியை வேதிச் சேதியாக மாற்றும் சோதனையும் செய்தார்கள். வெளியுலகக் கணினிக்கும் உடம்பின் மொழிக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. இது அந்த வேலைக்கான முதல் படிகளில் ஒன்று.

உயிரியலாளர்கள் இன்னும் முன்னே இருக்கிறார்கள். 2005இல் ரான் வைஸ் குழுவினர் பாக்டீரியாக்களைச் சேதி விடும் செல்கள் என்றும் சேதி கேட்கும் செல்கள் என்றும் மரபணு வழியே பிரித்தமைத்தார்கள். கேட்கும் செல் செறிவு மிகுந்தாலும் குறைந்தாலும் பேசாமல் இருக்கும். நடுத்தர அளவில் மட்டும் ஒளிரும். நடுவில் விடும் செல்களை வைத்ததும், சுற்றிலும் வில்லாளியின் இலக்குப் பலகை போல ஒளி வளையங்கள் தோன்றின. மூலக்கூறு எவ்வளவு தூரம் போயிற்று என்பதைச் செல்களே வரைந்து காட்டின.

மருத்துவத்துக்கு மிக நெருக்கமான சான்று 2011இல் எம்ஐடியின் சங்கீதா பாட்டியா குழுவிடமிருந்து வந்தது. எலிகளின் புற்றுக்கட்டியில் முதலில் ஒரு வகை நானோதுகள் போய்ச் சேர்ந்து, அங்கே மட்டும் இரத்தம் உறையும் வினையைத் தூண்டியது. உறைதல் என்பது ஒரு சிறு தூண்டலைப் பல மடங்கு பெருக்கும் தொடர்வினை. மருந்து சுமந்து இரத்தத்தில் சுற்றிவந்த இரண்டாம் வகைத் துகள் அந்த உறைவை அடையாளம் கண்டு அங்கே குவிந்தது. தனித்தனியே போன துகள்களோடு ஒப்பிட்டால், பேசிக்கொண்டு போன துகள்கள் கட்டிக்குள் 40 மடங்குக்கும் மேலான மருந்தைக் கொண்டுசேர்த்தன. இங்கே அனுப்பப்பட்ட சேதி ஒரே ஒரு சொல்தான்: இங்கே. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு உடம்பின் சொந்த ஒலிபெருக்கி கிடைத்தது.

இந்தச் சோதனைகளை அருகருகே வைத்தால், பொறியாளர்கள் மிச்சத்தைத் துடைத்து நீண்ட வாக்கியம் பேச முயல்கிறார்கள் என்பதும், உயிரியலாளர்கள் ஒரே சொல்லைப் பெருக்கி வேலையை முடிக்கிறார்கள் என்பதும் புலப்படும். புற்றுக்கட்டிக்கு மருந்து போக வாக்கியம் தேவையில்லை. ஆனால் மருந்து போனதும் அந்தச் சொல் நின்றாக வேண்டும். நிற்காத உறைதல் உயிரை வாங்கும். துடைப்பது, ஒரே சொல் பேசும் கருவிக்கும் விலக்கில்லாத கடமை.

இந்தியாவும் மீதமுள்ள கேள்விகளும்

இந்தியாவில் இத்துறையில் நடப்பவற்றுள் பெரும்பகுதி கோட்பாட்டு வேலை. கான்பூர் ஐஐடியில் ஆதித்ய ஜகன்னாதமும் நீரஜ் வர்ஷ்னேயும், அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் தாமே மிதந்து நகரும்போது சேதி என்ன ஆகும் என்பதையும், நடுவில் பல கருவிகள் அஞ்சல் செய்தால் பிழை எப்படிக் குறையும் என்பதையும் ஆராய்ந்தனர். இரத்தத்தில் எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதால் இது முக்கியமான கேள்வி. உலக அளவில் துறைக்கு ஓர் ஒழுங்கும் வந்திருக்கிறது. ஐஇஇஇ அமைப்பு 2015இல் நானோ, மூலக்கூறுத் தொடர்புக்கான பொது வரையறையை வெளியிட்டது. அதற்கென்று தனி ஆய்விதழையும் அதே ஆண்டு தொடங்கியது.

இருந்தும் கணிதத்துக்கும் ஆய்வகத்துக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் பெரியது. கட்டுரைகளில் வரும் நானோ இயந்திரம் கடிகாரம் பார்க்கும், மூலக்கூறை எண்ணும், சேமித்து வைக்கும். அப்படி எல்லாம் செய்யும் ஒரு கருவியை இன்னும் யாரும் கட்டவில்லை. கட்டியிருப்பவை பாக்டீரியாவும் துகளும். அவற்றுக்கு ஒன்றிரண்டு செயல்கள்தான் தெரியும். ஆகவே எளிமையிலும் எளிமையான கருவியைக் கொண்டு என்ன பேச முடியும் என்று தொடங்கும் ஆய்வுகளே நம்பத் தகுந்தவை என்பது என் துணிபு.

பாதுகாப்பும் பேசப்பட வேண்டும். உடம்புக்குள் சேதி விடும் கருவியின் மொழியை வேறொருவர் கற்றுக்கொண்டால், அவரும் அந்தக் கருவிக்குக் கட்டளையிடலாம். மாற்றியமைத்த பாக்டீரியா உடம்பை விட்டு ஏரிக்கும் வயலுக்கும் போனால் அதன் பேச்சை யார் நிறுத்துவது? இங்கேயும் அதே கேள்வி திரும்புகிறது. நிறுத்தத் தெரியாத எதையும் விடக் கூடாது. வேலை முடிந்ததும் தானே அழிந்துபோகும் செல்களை வடிவமைக்கும் முயற்சி, மூலக்கூறைத் துடைக்கும் முயற்சியின் நீட்சியாகவே எனக்குத் தெரிகிறது.

நம் கல்லூரிகள் இதில் நுழையப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு சிறு பம்பு, ஒரு முழம் குழாய், வினிகர், சமையல் சோடாக் கரைசல், அமிலத்தன்மை அளக்கும் ஓர் உணரி, ஓர் ஆர்டுயினோ பலகை ஆகியவை இருந்தால் இயற்பியல் மாணவரும் உயிரியல் மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முதல் பிட்டை அனுப்பலாம். அனுப்பியதும் அவர்கள் காணப்போவது மிச்சத்தைத்தான். இரண்டாம் பிட்டுக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை அவர்களே அளந்தால், இத்துறையின் பாதியைக் கற்றுவிட்டார்கள் என்று பொருள். வெவ்வேறு மாடியில் வெவ்வேறு துறையாகப் படிக்கிற பிள்ளைகளை ஒரு மேசைக்குக் கொண்டுவருவது, பம்பு வாங்குவதை விடக் கடினமானது. செய்ய வேண்டியதும் அதுதான்.

நெய்வேலி மண்ணில் செலுத்திய டிரிடியத்துக்குத் திரும்புவோம். ஒரு மழைக்காலத்துக்கு ஒரு சேதி என்ற நிதானத்தில் அது பேசியது. நிலம் எவ்வளவு குடித்தது என்று சொல்லிவிட்டு, அது தன்னைத் தானே அழித்துக்கொள்ளவும் தொடங்கியது. ஏறத்தாழ 12.3 ஆண்டுகளில் அதில் பாதி இருக்காது, அடுத்த 12.3 ஆண்டுகளில் மீதியிலும் பாதி இருக்காது. அளந்தவர்கள் அதைத் தேர்ந்ததில் இந்த விவேகமும் அடங்கியிருக்கிறது: நிலத்தடி நீரில் எழுதுகிறவர், நிலைக்காத மையால் எழுத வேண்டும். இரத்தத்தில் எழுதப் போகிறவர்களுக்கு நெய்வேலி மண் சொல்வதும் அதுவே.